ஊர்சுத்தி

நுஃமான் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். பல் துலக்கினான். ஒளு செய்து தொழுதான். மாடியில் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். கீழே இறங்கி, கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். டீ போட்டான். குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சட்டைக்கு இஸ்திரி போடுகிற வேலை இல்லை. அந்த நேரத்தில் கொடியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தான். பிறகு இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டான்.

ஒரு போன் அவனுடையது. இன்னொன்று ரமீஜாவுடையது. ரமீஜா அவன் மனைவி. போன நவம்பரில் டெங்குவில் இறந்துபோனாள், காய்ச்சல் கண்ட ஆறாம் நாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, அவனுக்கு முப்பத்தொன்று. கல்யாணமாகி மூன்று வருஷம். மூலக்குளத்தில் இந்த மாடிவீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். கேட்டவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வான். இதற்கு மேல் சொல்ல அவனிடமே ஒன்றும் இருக்கவில்லை.

இறந்தவள் போனுக்கு எதற்குச் சார்ஜ் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லக் காரணம் இருந்தது. ஸமீஹா அனுப்புகிற செய்திக்கு இரண்டு டிக் விழவேண்டும். அவ்வளவுதான்.

ஸமீஹா ரமீஜாவின் தங்கை. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் என்ற ஊரில் நகரத் திட்டமிடல் படிக்கிறாள். இரண்டு வருஷப் படிப்பு. செப்டம்பரில் அவளை விமானம் ஏற்றிவிட்டு மீனம்பாக்கத்திலிருந்து திரும்பி வரும்போது, திண்டிவனம் தாண்டுவதற்குள் ரமீஜா காரிலேயே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். மூன்று பேர். குழுவின் பெயர் ஊர்சுத்தி. அதில் முதல் செய்தியும் அவளுடையதுதான்.

"இங்க பாருடி. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் படி. சனி ஞாயிறு ஒரு ஊரு. போட்டோ வரணும், வாய்ஸ் வரணும். ரூமுல குந்திக்கிட்டு நூடுல்ஸ் கிண்டறேன்னு தெரிஞ்சுது, வாப்பாகிட்டச் சொல்லித் திருப்பி வரவழைச்சுடுவேன்."

ரமீஜா பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். பிரான்சைப் பார்த்ததில்லை. "ஆறு வருசமா பாரீஸ் மெட்ரோல எப்படி டிக்கெட் எடுக்கறதுன்னு பசங்களுக்குப் பாடம் எடுக்கறேன். நான் எடுத்த டிக்கெட் எல்லாம் வில்லியனூர் பஸ்ஸுக்குத்தான்" என்று அடிக்கடி சொல்வாள். வருத்தமாகச் சொல்லமாட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

முதல் சனிக்கிழமையே ஸமீஹாவின் குரல் வந்தது.

"லாத்தா, டிராம்ல ஏறினேன். ஒரு ஆறு வந்துச்சு. அந்தாண்ட எறங்கினா ஜெர்மனி! நம்ம கோட்டக்குப்பம் போற மாதிரிதான். போலீசும் இல்ல, கேட்டும் இல்ல. எறங்கி ஒரு ஐஸ்கிரீம் தின்னுட்டு திரும்பி வந்துட்டேன். வெளிநாட்டுலேர்ந்து வெளிநாட்டுக்குப் போயி ஐஸ்கிரீம் தின்ன மொத ஆளு நம்ம முல்லா வீதியில நான்தான்."

அடுத்தது கொல்மார். அதற்கடுத்தது பாசல். அங்கே ஆற்றில் ஆட்கள் துணிமணியை ஒரு ரப்பர் பையில் கட்டிக்கொண்டு நீந்தியே வீட்டுக்குப் போகிறார்களாம். "ஆபீஸ் பேக்கோட லாத்தா! சட்டை பேண்ட் எல்லாம் பைக்குள்ள. ஆளு மெதந்துக்கினே போறாரு. வாப்பாகிட்டச் சொல்லு, இந்தப் பை நம்ம கடைல போட்டா ஓடும்." அவர்கள் வாப்பா ஹாஜாவுக்குக் காந்தி வீதியில் பை, குடைக் கடை.

லக்சம்பர்க்கில் பஸ், டிராம் எதற்குமே டிக்கெட் கிடையாது என்று கண்டுபிடித்தாள். நாள் முழுக்க இறங்கவேயில்லை. கடைசி ஸ்டாப் வரை போவது, திரும்புவது, அடுத்த பஸ். கூடவே அறைத்தோழி சிந்துஜா. அவள் நெய்வேலிப் பெண். "சிந்துஜாவுக்குப் பசி, என்னைத் திட்டிக்கினே வர்றா. ஓசில சுத்தறதுன்னா நமக்குச் சொல்லித் தரணுமா லாத்தா? பிரெஞ்சு போலீசுக்குச் சிவப்புத் தொப்பி இருக்கும்னு நெனச்சேன். இல்லவே இல்ல. நம்ம ஊர்ல மட்டும்தான் போல. ஏமாந்துட்டேன்."

இதையெல்லாம் ரமீஜா போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். கேட்டுக்கொண்டே மீன் கழுவுவாள். பதிலும் உடனே பேசி அனுப்புவாள். நுஃமான் குழுவில் பேசியதே இல்லை. கட்டைவிரல் போடுவான். "உங்க மச்சான் கட்டவெரல நறுக்கிட்டா ஆளு ஊமை" என்று ரமீஜா தங்கைக்குச் செய்தி போட்டாள்.

அவள் இறந்தபின் குழு இரண்டு மாதம் சும்மா கிடந்தது. ஸமீஹாவால் மய்யத்துக்கு வர முடியவில்லை. அன்று அஸர் தொழுகைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். அவள் விமானம் பிடித்தாலும் மறுநாள்தான் வந்திருக்க முடியும். வரவேண்டாம் என்று ஹாஜாவே சொல்லிவிட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை குழுவில் படம் வந்தது. பிராக் நகரம். பாலத்தின் மேல் பனியில் நிற்கிறாள். மூக்கு சிவந்திருக்கிறது. கீழே ஒரே வரி: லாத்தா சொன்ன மாதிரி.

அன்றைக்கு அவன் ரமீஜாவின் போனை அலமாரியிலிருந்து எடுத்தான். சார்ஜ் போட்டான். திறந்து படிக்கவில்லை. குழுவில் எல்லோர் போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் விழும். அதற்கு இந்த போன் உயிரோடு இருந்தால் போதும்.

அதற்குப் பிறகு வாரம் தவறவில்லை. பிராக்கில் விடியற்காலை நாலரைக்கு பஸ் இறக்கிவிட்டு, கடை திறக்கும் வரை ரயில்வே ஸ்டேஷனில் சிந்துஜாவின் முதுகில் சாய்ந்து தூங்கிய கதை வந்தது. "வாப்பா கடைப் பொட்டிக்கு ஒரு சக்கரம் போயிடுச்சு மச்சான். இங்க ரோடு எல்லாம் கருங்கல்லு. வாப்பாகிட்டச் சொல்லிடாதீங்க, உசுர விட்டுடுவாரு." தூரினோவில் ஊர் முழுக்க மழைக்கு மேற்கூரை போட்ட நடைபாதை என்றாள். அதை அளந்து படம் வரைந்து பேராசிரியரிடம் காட்டி மதிப்பெண் வாங்கினாள். எந்த ஊருக்குப் போனாலும் சாக்கடையை ஒரு படம் எடுத்து அனுப்புவாள். அது அவள் படிப்பு. "இங்க வாய்க்கால்ல வாத்து நீந்துது. நம்ம பெரிய வாய்க்கால்ல என்ன நீந்துதுன்னு நான் சொல்லணுமா?"

நுஃமான் கட்டைவிரல் போட்டான்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷாம்பு பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. மணிக்கு ஒருதரம் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் பத்து மூடி எடுத்து அளந்து எழுதவேண்டும். திங்கட்கிழமை டீ நேரத்தில் மெஷின் ஓட்டுகிற கிருஷ்ணசாமி வந்து பக்கத்தில் உட்காருவார். "இந்த வாரம் எந்த ஊரு?" என்பார். நுஃமான் போனை நீட்டுவான். கிருஷ்ணசாமி எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்.

"ஏன் சார், இந்தப் பொண்ணுக்கு வேற துணியே கெடையாதா? எல்லா ஊர்லயும் இதே மஞ்ச ஸ்வெட்டர்."

"குளுரு."

"குளுருன்னா ரெண்டு வாங்க மாட்டாங்களா? ஊரு மாறுது, சட்டை மாறமாட்டேங்குது. எலக்ஷன் போஸ்டர் மாதிரி இருக்கு."

நுஃமான் போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் முல்லா வீதிக்குச் சாப்பிடப் போகவேண்டும். மாமியார் போன் செய்திருந்தார். "மாப்புள, இன்னும் மூணு நாள்ல நோம்பு. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த பேசி முடிச்சுடணும். நெய்ச்சோறு ஆக்கறேன், வந்துடுங்க."

என்ன வார்த்தை என்று அவனுக்குத் தெரியும். நோன்பு முடிந்து ஷவ்வால் மாதத்தில் ஸமீஹாவை வரவழைத்து அவனுக்கே நிக்காஹ் செய்துவைப்பது. அக்காள் போன வீட்டுக்குத் தங்கையைக் கொடுப்பது அவர்கள் குடும்பங்களில் நடப்பதுதான். மாமியின் சின்னம்மா வீட்டில் நடந்திருக்கிறது. படிப்பு பாதியில் நிற்கும். "என்னாத்துக்கு இன்னும் படிப்பு? படிக்கறாளா அவ? வாரா வாரம் தெருப்பொறுக்கிக்கினு இருக்கா" என்றார் மாமி.

இதெல்லாம் மாமியின் யோசனையாக மட்டும் இருந்தால் ஹாஜாவே மறுத்திருப்பார். மறுக்காததற்குக் காரணம் வேறு. இது ரமீஜாவின் கடைசி வார்த்தை என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நம்பவைத்தது நுஃமான்தான். ஒரு தலையாட்டலில்.

மய்யத்தைக் குளிப்பாட்டக் கொண்டுபோன நேரம். அவன் கூடத்தில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். மாமி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாப்புள, உசுரு போறப்ப கலிமா சொன்னாளா என் பொண்ணு?" அவன் தலையாட்டினான். "தங்கச்சியப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" அவன் தலையாட்டினான். "தங்கச்சியப் பாத்துக்கங்கன்னு சொன்னாளா?" அதற்கும் ஆட்டினான். அந்த நேரத்தில் இந்தியாவின் தலைநகரம் கடலூரா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

மாமி அதை அன்றைக்கே அழுகிற பெண்களிடம் சொன்னார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குள் அது, "தங்கச்சிய உங்க கைல ஒப்படைக்கறேன்" என்று ஆகியிருந்தது. போன மாதம் கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில், யாரென்றே தெரியாத ஒரு கிழவர் அவன் தோளில் தட்டி, "பொண்டாட்டியோட வஸிய்யத்த, கடைசி வார்த்தைய நெறவேத்தறது பெரிய நன்ம தம்பி" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. வேண்டும் என்று சொல்லவும் தோன்றவில்லை. காலையில் எழுந்தால் மோட்டார் போடவேண்டும், டேங்க் நிரம்பினால் நிறுத்தவேண்டும். அதுபோல இதுவும் நடந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

பன்னிரண்டரைக்கு அவன் போன் அடித்தது. ஸமீஹா. செய்தி அனுப்புவாளே தவிர அவள் நேரில் அழைப்பதில்லை.

"மச்சான், கேக்குதா?"

"கேக்குது. ஒரே சத்தம்."

"கொலோன் மச்சான். ராத்திரி பஸ்ல வந்தோம். ஸ்டேஷனை வுட்டு வெளிய வந்தா மூஞ்சிக்கு நேரா சர்ச்சு. அண்ணாந்து பாத்துக் கழுத்து புடிச்சுக்கிச்சு. இங்க இன்னிக்கு திருவிழா. மாசிமகம் கூட்டம் தோத்துது போங்க. காலைல எட்டு மணிதான் ஆவுது, ஒரு ஆளு வாழப்பழ வேசத்துல நிக்கறான். அவன் பொண்டாட்டி குரங்கு. தள்ளுவண்டில கொழந்த தூங்குது, அதுக்கும் ஒரு வாலு."

"நீ என்ன வேசம்?"

"நான் முல்லா வீதி வேசம். ரெண்டு சட்டை, மேல ஸ்வெட்டர், தலைல முக்காடு, கைல வாப்பா கடைக் குடை. ஒரு ஒட்டகச்சிவிங்கி என்னையப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லி மிட்டாய் குடுத்துட்டுப் போவுது."

அவன் சிரித்திருக்கவேண்டும். அவள் அதற்கு இடம் விட்டாள். பிறகு குரலை இறக்கினாள்.

"உம்மா நேத்து பேசினாங்க. இன்னிக்கு உங்ககிட்ட வார்த்த வாங்கிடுவாங்களாம்."

"ஆமா."

"லாத்தா கடைசியா உங்ககிட்டச் சொன்னாளாமே."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள்.

"நான் அழுவறதுக்குப் போன் பண்ணல மச்சான். லாத்தா அப்படிச் சொல்லியிருந்தா டிக்கெட் போட்டு வந்துடறேன். சத்தியமா வந்துடறேன். உங்க மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. ஆனா மூணு மாசமா இது எனக்குப் புரியல. சனி ஞாயிறு ஊரு சுத்தலேன்னா திருப்பி வரவழைச்சுடுவேன்னு சொன்னவ, எப்படி மச்சான் என்னைய ஒப்படைச்சுட்டுப் போவா? அவ வாயால சொன்னாளா? அது மட்டும் சொல்லுங்க."

பின்னால் சிந்துஜாவின் குரல் கேட்டது. "ஏய், வாடி! டிரம்மு வருது, எடம் போயிடும்."

"மாமி வூட்டுக்குத்தான் கெளம்பறேன். போயிட்டுச் சொல்றேன்" என்றான் நுஃமான்.

"இது பதிலில்ல மச்சான்."

"தெரியும்."

"சரி. அப்பறம், அந்த ரெண்டு டிக்கு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்கதானேன்னு தெரியும். நிறுத்திடாதீங்க."

போனை வைத்துவிட்டாள். அவன் பேண்ட் மாற்றினான். ரமீஜாவின் போனில் சார்ஜ் நூறு ஆகியிருந்தது. ஒயரைப் பிடுங்கினான். பூட்டிக்கொண்டு இறங்கினான்.

முல்லா வீதி வீட்டில் நெய்ச்சோறு, தாளிச்சா, கறி, தயிரில் வெங்காயம். ஹாஜா மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமி நின்றுகொண்டே பரிமாறினார்.

"இன்னிக்கு எந்த ஊராம்?" ஹாஜா எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கொலோன் மாமா. ஜெர்மனி."

"கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றார் மாமி. "வாப்பாவும் பொண்ணும் சேந்து குடும்பத்துப் பேர உலகம் பூரா பரப்பறீங்க. லாத்தா மவுத்தாகி நாலு மாசம் ஆவல. எந்தப் பொண்ணாவது பாலத்து மேல நின்னு பல்லக் காட்டுவாளா?"

"பல்லக் காட்டாம போட்டோ எடுத்தா நீயே ஒடம்பு சரியில்லியான்னு கேப்ப" என்றார் ஹாஜா. பிறகு நுஃமானிடம், "பொட்டி எப்படி இருக்காம்? ஆறு வருசம் கேரண்டி சொல்லி வித்துக்கினு இருக்கேன்."

"நல்லா இருக்காம் மாமா."

"பாத்தியா?" என்று மாமியைப் பார்த்தார்.

மாமி கறியை இன்னொரு கரண்டி வைத்தார். அவன் வேண்டாம் என்று கையை மறித்தான். விரல்களுக்கு மேலேயே வைத்தார். எப்போதும் அப்படித்தான்.

"மாப்புள, சுத்தி வளைக்கல. எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு கபர்ல இருக்கு, ஒண்ணு கண்ணுக்குத் தெரியாத ஊர்ல இருக்கு. நீங்க சின்ன வயசு. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வேற எடத்துல கட்டிக்குவீங்க. கட்டிக்கத்தான் வேணும். அப்பறம் இந்த வாசப்படிய மிதிப்பீங்களா? வர்றவ வுடுவாளா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத எல்லாம் யோசிச்சுத்தான் என் பொண்ணு கடைசி மூச்சுல சொல்லிட்டுப் போனா. நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லுங்க. மாமா இன்னிக்கே டிக்கெட்டுக்குச் சொல்லிடுவாரு."

ஹாஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. "புள்ளையோட கடைசி வார்த்தைன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன் மாப்புள" என்றார்.

நுஃமான் இலையைப் பார்த்தான். சரி என்று சொல்வதற்குத் தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆட்டியும் பழக்கம் இருந்தது. அவனுக்குத் திடீரென்று கழுத்து வலித்தது போலிருந்தது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொன்னவள் ஸமீஹா.

"மாமி, அவ அப்படிச் சொல்லல."

மாமி கரண்டியோடு நின்றார்.

"என்ன சொல்லல?"

"ஒப்படைக்கறேன்னு சொல்லல. பாத்துக்கங்கன்னும் சொல்லல. நீங்க கேட்டீங்க, நான் தலைய ஆட்டிட்டேன். அன்னிக்கு எது கேட்டாலும் ஆட்டினேன்."

"என் கையப் புடிச்சுக்கினு ஆட்டினீங்களே மாப்புள."

"ஆமா மாமி. தப்பு என்னுது."

ஹாஜா கையை உதறினார். தெருவில் ஒரு பைக் போனது. மாமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். வைத்த பிறகும் அதன் காம்பை விடவில்லை. வேறொரு குரலில் கேட்டார்.

"அப்ப கலிமா? அதுவும் பொய்யா?"

இதைத்தான் அவன் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தான் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"நான் சொன்னேன் மாமி. அவ காதுல. டியூப் போட்டிருந்தாங்க, வாயால சொல்ல முடியாது. நர்ஸு வெளிய போகச் சொல்ற வரைக்கும் சொன்னேன். அவளுக்குக் கேட்டுதான்னு எனக்குத் தெரியாது. அல்லாவுக்குத் தெரியும்."

மாமி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தான். அழவில்லை. அவன் இலையில் சிந்தியிருந்த ஒரு பருக்கையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீங்க சொன்னீங்கல்ல" என்றார்.

"சொன்னேன்."

"எத்தன தடவ?"

"எண்ணல மாமி."

"போதும். காதுதான் கடைசியாப் போவும்னு சொல்வாங்க." பிறகு ஹாஜாவைப் பார்த்தார். "நீங்க ஏதாச்சும் பேசுங்களேன். மனுசன் மாதிரி."

"என்ன பேசறது?" என்றார் ஹாஜா. "ரெண்டு வருசம்னு சொல்லித்தானே அனுப்பினோம். ரெண்டு வருசம் முடியட்டும். அப்பறம் அவ இஷ்டம், மாப்புள இஷ்டம்."

"அவ இஷ்டம்னு வுட்டா நிலாவுக்குப் போயி நின்னு போட்டோ அனுப்புவா."

"அனுப்பட்டும். பொட்டி தாங்கும்."

நுஃமான், "மாமா, சக்கரம் ஒண்ணு போயிடுச்சாம்" என்றான். உண்மை சொல்கிற நாளில் அதையும் சொல்லிவிடலாம் என்று பட்டது.

ஹாஜா அவனைப் பார்த்தார். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஆறு வருசம் கேரண்டி" என்றார் மாமி முந்தானைக்குள்ளிருந்து.

கை கழுவிவிட்டு வந்தான். அவன் வாசலுக்குப் போய்விடுவானோ என்று மாமி கூடத்து நடுவில் வந்து நின்றிருந்தார்.

"மாப்புள, நீங்க இங்கயே வந்து போயிக்கினு இருக்கணும். எவளக் கட்டினாலும்."

"வருவேன் மாமி."

"இன்னொண்ணு." அவர் தயங்கினார். "தங்கச்சியப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா? அந்தத் தலையாட்டலும் சும்மாதானா?"

"இல்ல. அது நெசம். கடைசியா பேசினது ஸமீஹாவப் பத்தித்தான்."

"என்ன சொன்னா? அதையாவது அப்படியே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம."

அவன் பாயில் உட்கார்ந்தான். மாமி எதிரில் உட்கார்ந்தார். ஹாஜா ஈரக்கையோடு கதவோரம் நின்றார். நுஃமான் தன் போனை எடுத்தான். "ஸமீஹாவும் கேக்கணும் மாமி. இங்க கெளம்பறப்ப போன்ல கேட்டா. நான் பதில் சொல்லல" என்றான்.

ஊர்சுத்தி குழுவைத் திறந்தான். கடைசியாக வந்திருந்தது ஒரு படம். கூட்டத்துக்கு நடுவில் ஸமீஹா, குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்திருக்கிறாள், வண்டியிலிருந்து வீசுகிற மிட்டாய் எல்லாம் அதில் விழுவதற்கு. இரண்டு டிக் விழுந்திருந்தது. அவன் மைக்கை அழுத்திப் பிடித்தான். அந்தக் குழுவில் அவன் பேசுவது இதுதான் முதல்முறை. குரல் முதலில் சரியாக வரவில்லை. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான்.

"ஸமீஹா, மச்சான் பேசறேன். உம்மா, வாப்பா பக்கத்துல இருக்காங்க. நீ கேட்டியே, அதுக்குப் பதில். அவ அப்படிச் சொல்லல. நீ படிப்ப முடி. அவ கடைசியா என்ன சொன்னான்னு சொல்றேன், கேட்டுக்க. சனிக்கிழமை சாயந்திரம். அவளுக்குக் கைல ஊசி ஏத்தியிருந்தாங்க, அதனால நான்தான் போனைப் புடிச்சுக் காட்டினேன். நீ கெந்த்னு ஒரு ஊருலேர்ந்து போட்டோ அனுப்பியிருந்த. வாய்க்கால் ஓரமா நின்னுக்கினு இருந்த. பெருசாக்குங்கன்னு சொன்னா. பெருசாக்கினேன். இன்னும்னா. உன் மூஞ்சி மட்டும் தெரிஞ்சுது. மூஞ்சி வேணாம், கீழன்னா. கீழ தள்ளினேன். கொஞ்ச நேரம் பாத்தா. நாங்க கொடைக்கானல் போனப்ப அவ வாங்கினது அது, உனக்கே தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, மூச்சு வாங்குச்சு. அப்பறம்தான் டாக்டர் வந்து ஐசியு உள்ள கூட்டிக்கினு போனாங்க. அதுக்குப் பெறவு பேசவே இல்ல. அவ சொன்னது இதான்:

'என் மஞ்ச ஸ்வெட்டர்! கேக்காம தூக்கிக்கினு போயிருக்கா பாருங்க, திருடி.'"